மங்கை அம்மா புதிதாகப் படித்த பெயர்

போன மாதம் எங்கள் மாடிக்குடியிருப்பில் எனக்கு மேலே வசிக்கும் மிஸிஸ் கனகசபை ஒரு போத்தலோடு வந்து கதவைத் தட்டினார். வெள்ளவத்தைக் கடை ஒன்றில் வாங்கிய வெளிநாட்டு மாத்திரை. போத்தலின் மேல் ஒரு மூளையின் படம். அதன் உச்சியிலிருந்து இரண்டு பச்சை இலைகள் முளைத்திருந்தன.

“மிஸ், இதைக் குடிச்சா மூளையில புதுக் கலம், செல் எண்டு சொல்லுறது, முளைக்குமாம். மறதி போயிடுமாம். உண்மையோ?”

“இதைக் குடிச்சு முளைச்சதா எனக்குத் தெரியேல்ல. பின்னேரத்தில கடற்கரையால நடவுங்கோ. அது நல்லது.”

“அதை விடுங்கோ. வயசு போன மூளையில புதுசா ஏதும் முளைக்கிறதோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ.”

கொழும்பில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கை கால் விழுந்தவர்கள் மறுபடி பொத்தான் பூட்டவும் தேநீர் ஊற்றவும், ஞாபகம் தளர்ந்தவர்கள் தங்கள் நாளைத் தாங்களே நடத்தவும் பழக்குவது எங்கள் வேலை. மிஸிஸ் கனகசபை கேட்ட கேள்வியை நானும் பல வருடம் கேட்டுத் திரிந்தவள்தான். அன்று அவருக்குச் சொன்ன கதையையே இங்கே எழுதுகிறேன். அவர் கேட்டு முடிக்கையில் போத்தலைத் திறக்க மறந்துவிட்டார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு உறவினர் வீட்டு அறையில் தங்கி, காலையில் எலும்பும் தசையும், பின்னேரத்தில் பிரம்புக்கூடை பின்னலும் படித்தேன். மூளையைப் பற்றி எங்களுக்குப் படிப்பித்தது ஒரே வசனந்தான்: பிறக்கும்போது கிடைத்த நரம்புக்கலங்களோடுதான் சீவியம், அதன் பிறகு குறையுமே தவிர, ஒன்றும் கூடாது. பரீட்சையிலும் அதைத்தான் எழுதினேன். அதற்குப் புள்ளியும் கிடைத்தது.

வேலையில் எனக்கு வாய்த்த மேலதிகாரி டொக்டர் விஜேதிலக. நரம்பியல் நிபுணர். உயரமான, மெலிந்த மனிதர். ஒரு கால் மற்றக் காலை முந்த ஓடுவது போல நடப்பார். எங்களோடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கதைப்பார். ஆனால் தமிழ் நோயாளி வந்தால் தமிழ்தான். ஒருவருடைய ஞாபகத்தை இன்னொருவருடைய வாய்வழியாகச் சோதிக்க முடியாது, மொழிபெயர்ப்பவர் தன்னை அறியாமலே உதவி செய்துவிடுவார் என்பது அவருடைய வாதம். அதற்காகவே தமிழ் படித்தார். படித்தது வானொலிச் செய்தியைக் கேட்டு. அதனால் அவருடைய தமிழ் முழுவதும் செய்தி வாசிப்பாகவே இருக்கும்.

“வணக்கம் அம்மா. இன்று காலை தாங்கள் யாது உணவு உட்கொண்டீர்கள்?”

கேட்டதும் ஆச்சிமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. சிரித்த ஆள் பயப்படாது, பயப்படாத ஆளைத்தான் சோதிக்கலாம் என்பார்.

அவர் ஞாபகத்தைச் சோதிக்கும் முறை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். முதலில் சுவரிலிருக்கும் கலண்டரையும் மணிக்கூட்டையும் நான் கழற்றி அலுமாரிக்குள் வைக்க வேண்டும். நோயாளியின் கதிரை மேசைக்கு எதிரே இருக்கக்கூடாது; பக்கத்தில் இருக்கவேண்டும். கூட வந்தவர்கள் வெளியே. கொஞ்ச நேரம் ஊர்க்கதை. பிறகு மூன்று சொற்கள் சொல்வார், ஒன்றோடொன்று ஒட்டாதவை: திறவுகோல், மாம்பழம், குடை. நோயாளி அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அடுத்ததாக ஒரு வெற்றுத்தாளில் மணிக்கூடு கீறச் சொல்வார். நோயாளி பார்த்துக்கொண்டிருக்கவே என் கைலேஞ்சியை எடுத்து அறையில் ஒரு இடத்தில் ஒளிப்பார். பிள்ளைகளைப் பற்றி, சமையலைப் பற்றிக் கதை நீளும். எல்லாம் மறந்து சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கேட்பார்: “நான் முன்னர் கூறிய மூன்று சொற்கள் எவை? கைக்குட்டை எங்குள்ளது?” பதில் வராவிட்டால் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. “நன்று” என்று மட்டும் சொல்வார். பதில் வந்தாலும் அதே “நன்று”தான்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எங்கள் மருத்துவமனைக்கு எப்போதும் பிந்தித்தான் வரும். ஒருநாள் மத்தியானம் நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். டொக்டர் விஜேதிலக நடைபாதையில் உண்மையாகவே ஓடிவந்தார். கையில் ஒரு சஞ்சிகை.

“மிஸ் பவானி, நாங்கள் படிப்பித்தது பிழை!”

அந்த வசனத்தை அவ்வளவு சந்தோசமாகச் சொன்ன வைத்தியரை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. வளர்ந்த மனிதரின் மூளையிலும், ஹிப்போகம்பஸ் என்ற இடத்தில், புது நரம்புக்கலங்கள் பிறக்கின்றன என்று எழுதியிருந்தது. புதிதாக நடக்கும் விசயங்கள் ஞாபகமாகப் பதியும் வாசல் அது. வயது போகப்போக முதலில் தளர்வதும் அதுதான். எலிகளில் முதலே கண்டிருந்தார்களாம். சும்மா கூட்டில் கிடந்த எலிகளைவிட, சுழலும் சில்லில் ஏறி ஓடிய எலிகளில் அதிகமாகப் பிறந்தனவாம். புதியவற்றைப் படித்த எலிகளில், பிறந்தவை அதிகமாகத் தப்பி நின்றனவாம்.

“ஆனால் இது மருந்து அல்ல,” என்று உடனே தன்னையே அடக்கிக்கொண்டார். “பிறக்கிறது என்பது வேறு. அது கிழவிக்கு உதவுகிறது என்பது வேறு. இரண்டாவதை ஒருவரும் இன்னும் காட்டவில்லை.” பிறகு என் பார்சலிலிருந்து ஒரு பொரித்த மிளகாயை எடுத்துக் கடித்தபடி சொன்னார்: “எதற்கும் நடக்கவிடுவோம். புதிதாக ஏதாவது படிக்கவிடுவோம். நட்டம் ஒன்றுமில்லையே.”

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் மங்கை அம்மா வந்தார்.

முழுப்பெயர் மங்கையர்க்கரசி. யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிக் கனகாலம். இடம்பெயர்ந்து வெள்ளவத்தைக்கு வந்து மகள் சுகந்தியோடு இருந்தார். சுகந்தியின் கணவர் ஏற்கனவே கனடாவில். விசா அலுவல் சரிவந்ததும் தாயையும் கூட்டிக்கொண்டு போவதற்காகச் சுகந்தி காத்திருந்தார்.

மங்கை அம்மாவுக்குப் பழையது எல்லாம் பளிச்சென்று ஞாபகம். எந்தத் தபாற்கந்தோருக்கு எந்த வழியால் பை போகும் என்று மூச்சுவிடாமல் சொல்வார். ஆனால் காலையில் குடித்த தேத்தண்ணி மத்தியானத்துக்குள் போய்விடும். டொக்டர் மூன்று சொற்களையும் கேட்டபோது அவர் புருவத்தை உயர்த்தினார்.

“என்ன சொல்லு? நீங்கள் எனக்கு ஒரு சொல்லும் தரேல்லையே.”

“நன்று” என்றார் டொக்டர்.

“பிள்ளை,” என்று மங்கை அம்மா என் பக்கம் சரிந்து, “இந்த மனுசன் ரேடியோவுக்குள்ளால வந்தவரே?” என்று கேட்டார்.

சுகந்தியிடம் டொக்டர் பூசி மெழுகவில்லை. வயதோடு வரும் சாதாரண மறதியைவிட இது ஒரு படி கூட. கூடிக்கொண்டு போகலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம். வாரத்துக்கு இரண்டு தடவை என் பிரிவுக்கு வரட்டும். உடம்பு அசையவேண்டும், அதோடு, வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத ஒன்றைப் படிக்கவேண்டும். தெரிந்ததைத் திருப்பிச் செய்வது போதாது.

என்ன படிப்பிப்பது? எனக்குத் தலையிடி. கூடை பின்னத் தெரியும் என்றார். தைக்கத் தெரியும். சிங்களம் கந்தோரிலேயே படித்துவிட்டார். சீட்டாட்டத்தில் எங்கள் பிரிவில் எல்லோரையும் வென்றார், கடைசியாக வென்றது ஞாபகமில்லாமல்.

அந்த நாட்களில் என்னிடம் வந்துகொண்டிருந்த இன்னொருவர் சேவியர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். துறைமுகத்தில் கப்பலிழுக்கும் படகில் எஞ்சின் பார்த்தவர். மனைவி இல்லை, மகன் கப்பலில், மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருந்தார். லேசான பக்கவாதம் வந்து வலது கையும் காலும் கொஞ்சம் இழுத்தன. மூளையும் வாயும் ஒரு குறையுமில்லை. நடைப்பயிற்சிக்குப் போட்டிருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்.

“மிஸ், இது ஜெயில் மாதிரி இருக்கு. என்னைய வால்ட்ஸ் ஆட விடுங்க. ஒண்ணு-ரெண்டு-மூணு, ஒண்ணு-ரெண்டு-மூணு. கால் தானா வரும். எங்க பக்கம் எந்தக் கலியாண வீட்டுலயும் நான்தான் முதல்ல இறங்குவேன்.”

“ஆரோட ஆடுவீங்கள்?”

“அதுதான் பிரச்சினை. நீங்க வாறீங்களா?”

அப்போது டொக்டர் வாசலில் நின்றார். சேவியரைப் பார்த்தார். மூலையில் சீட்டுக் குலைத்துக்கொண்டிருந்த மங்கை அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

மங்கை அம்மாவிடம் சொன்னபோது அவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

“என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? நான் ஆம்பிளையோட ஆடுறதோ? ஊரில கேட்டாச் சிரிப்பினம்.”

“அம்மா, இது நடனமன்று. சிகிச்சை,” என்றார் டொக்டர்.

மங்கை அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ரேடியோவே சொல்லுதெண்டால் சரி. ஆனால் கையைப் பிடிக்கமாட்டன்.”

அதற்கு நான் ஒரு வழி பார்த்தேன். தோள் பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு தடியை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவே குறுக்காகப் பிடிக்கக் கொடுத்தேன். சேவியர் வீட்டிலிருந்து பாட்டுக் கசெட் கொண்டுவந்தார். எங்கள் பிரிவின் பழைய ரேடியோவில் அது கரகரத்தது. தடியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, ஒருவர் காலை இழுத்தும் மற்றவர் காலைப் பார்த்தும், அந்த இரண்டு பேரும் சிமெந்து நிலத்தில் ஒரு சதுரம் போட்டார்கள். சிற்றூழியர்கள் யன்னலில் கூடிவிட்டார்கள்.

முதல் சில கிழமைகள் ஒவ்வொரு முறையும் மங்கை அம்மா அதே ஆத்திரத்தோடுதான் தொடங்கினார். “நான் ஆம்பிளையோட ஆடுறதோ?” நானும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்வேன். ஆனால் பாட்டுத் தொடங்கினால் கால் பிழைக்காது. போன முறை படித்ததிலிருந்து தொடங்கும்.

நான் துள்ளிக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். அவர் தலையை ஆட்டினார். கால் படிப்பது வேறு, அதற்கு மூளையில் வேறு இடம். ஞாபகம் முழுதாகப் போனவர்களுக்கும் சைக்கிள் ஓட்டப் பழக்கலாம். “காலை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். கூட ஆடுபவரின் பெயரைக் கேளுங்கள், தெரிகிறதா என்று பார்ப்போம்.”

கேட்டேன். “ஆரோட ஆடினீங்கள் அம்மா?” அவர் யோசித்தார். “ஆரோ ஒரு கப்பல் மனுசன்.” அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் “ஆரோ ஒரு கப்பல் மனுசன்” என்பதே புதுசு. நான் அதை டொக்டரிடம் சொன்னேன். அவர் “நன்று” சொல்லவில்லை. எழும்பி யன்னலடியில் போய் நின்றார்.

சேவியர் ஆடும்போது வாய் மூடமாட்டார். துறைமுகத்தைச் சொல்வார். வீட்டைச் சொல்வார். பெரிய கோவிலடியில் இறங்கி, பேக்கரிக்குப் பக்கத்து ஒழுங்கையால் வந்தால், நங்கூரம் வரைஞ்ச நீலக் கேட். அதுதான் நம்ம வீடு, ஒரு நாள் வந்து மருமக கையால கட்லட் சாப்பிட்டுப் பாருங்க போஸ்ட்மிஸ்ட்ரஸ். போன தடவை சொன்னதையே திரும்பவும் சொல்வார். அவர் ஒருநாளும் “ஞாபகமிருக்கா?” என்று கேட்டதை நான் காணவில்லை. மங்கை அம்மாவும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டுச் சிரிப்பார். எப்போது என்று தெரியாது, ஒரு நாள் பார்த்தால் தடி சுவரில் சாத்தி இருந்தது. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

பிறகு ஒரு நாள் சேவியர் வரவில்லை. காய்ச்சல் என்று மருமகள் தகவல் அனுப்பியிருந்தார். மங்கை அம்மா சீட்டைக் குலைப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“அந்தக் கப்பல் மனுசன் எங்கை பிள்ளை?”

“காய்ச்சலாம் அம்மா.”

கொஞ்சம் கழித்து மறுபடி அதே கேள்வி. வீட்டுக்குப் போகும்வரை கேட்டார்.

அடுத்த நாள் முற்பகல் எங்கள் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சுகந்தி.

“மிஸ், அம்மாவைக் காணேல்ல. நான் குளிச்சுப்போட்டு வந்து பாக்கிறன், கேட் திறந்து கிடக்கு. அங்கை வந்தவவோ?”

அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. சந்திக்குச் சந்தி சோதனை. அடையாள அட்டையைக் கேட்டு, எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று துருவிய நாட்கள். காலையில் குடித்த தேத்தண்ணியை மறந்த மனுசி அதற்கெல்லாம் என்ன பதில் சொல்லும்? பிறகு நேற்றைய கேள்வி ஞாபகம் வந்தது. இருக்காது என்று எண்ணிக்கொண்டே சேவியரின் அட்டையில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

மருமகள் பேசினார். “ஆமா மிஸ், ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வந்திருக்காங்க. குடையோட வந்து கேட்டைத் தட்டி, ‘சேவியருக்குக் காய்ச்சலோ?’ன்னு கேட்டாங்க. இப்ப குசினில எனக்கு முருங்கையிலை உருவித் தாறாங்க.”

நானும் சுகந்தியும் ஆட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். நீலக் கேட்டைக் கண்டதும் சுகந்தி இறங்கி ஓடினார். உள்ளே சேவியர் கம்பளி போர்த்திக்கொண்டு சாய்மனைக் கதிரையில். பக்கத்தில் மங்கை அம்மா, கையில் கொத்தமல்லிக் கோப்பை.

“அம்மா! எப்பிடி வந்தனீங்கள்?”

“பஸ்ஸிலதான். புறக்கோட்டையில இறங்கி மாறினனான்.”

“ஆமி மறிக்கேல்லையோ?”

“மறிச்சவன். எங்கை போறீர் எண்டு கேட்டான். சேவியருக்குச் சுகமில்லை, பாக்கப் போறன் எண்டு அவன்ரை பாசையிலயே சொன்னனான். நல்ல பொடியன். பஸ்ஸில திருப்பி ஏத்தி விட்டவன்.”

சுகந்தி சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினார். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் வேறு காரணத்துக்கு. மங்கை அம்மாவின் மறதி தொடங்கிய பிறகு சந்தித்த மனிதர் சேவியர். அந்தப் பெயர், வராத நாளில் அவரைக் காணவில்லை என்ற உணர்வு, காய்ச்சல் என்ற செய்தி, கோவில், பேக்கரி, நங்கூரம். இவை ஒன்றும் பழைய ஞாபகமல்ல. எல்லாமே அந்த மூளைக்குள் புதிதாகப் போனவை. போய், தங்கியும் இருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்தி, “வாங்கோ வீட்டை போவம்” என்றார். மங்கை அம்மா கோப்பையை மேசையில் வைத்தார்.

“நில்லு பிள்ளை. ஒரு கதை. நான் உன்னோட கனடாவுக்கு வரேல்ல. நான் இவரைக் கட்டப்போறன்.”

சேவியர் கம்பளிக்குள்ளிருந்து எழும்பி உட்கார்ந்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த முகத்தில் வந்த சிரிப்பை நான் எழுத முயலமாட்டேன்.

“எனக்கு சம்மதம்,” என்றார். “கேட்டா சொல்லணும்தானே.”

அடுத்த கிழமை சுகந்தி தனியாக டொக்டரிடம் வந்தார். நானும் இருந்தேன். அவர் கெட்ட பிள்ளை அல்ல. ஷெல்லடிக்குள்ளால் தாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். “டொக்டர், அவவுக்கு என்ன செய்யிறன் எண்டு விளங்கேல்ல. வேற சமயம், வேற ஆக்கள். நாளைக்கு எழும்பி ‘ஆர் இந்த மனுசன்’ எண்டு கேட்டா? நான் கடல் தாண்டி இருப்பன். அம்மாவுக்குத் தானா முடிவெடுக்க ஏலாதெண்டு ஒரு கடிதம் தாங்கோ.”

“நான் காண்பதை எழுதுவேன்,” என்றார் டொக்டர். “காணும்வரை பொறுங்கள்.”

என் வேலைக்காலத்தில் நான் பார்த்த மிகக் கவனமான பரிசோதனை அதுதான். ஒரே நாளில் முடிக்கவில்லை. வெவ்வேறு நாட்களில், ஒருமுறை காலையில், ஒருமுறை மத்தியானம் களைத்திருக்கும் நேரத்தில் கூப்பிட்டார். கலண்டர் இல்லை, மணிக்கூடு இல்லை. முதலில் மூன்று சொற்கள். அவை வழமைபோல் காற்றோடு போயின. கைலேஞ்சியும் போயிற்று. பிறகு கேள்விகளுக்கு வந்தார். முன் என்ன இருக்கிறது, இந்தப் பக்கம் போனால் என்ன நடக்கும், அந்தப் பக்கம் போனால் என்ன நடக்கும், எது வேண்டும், ஏன் வேண்டும். ஒவ்வொரு நாளும் வரிசையை மாற்றினார். சொற்களை மாற்றினார். ஒருமுறை வேண்டுமென்றே, “தாங்கள் கனடா செல்ல விரும்புவதாக அறிகிறேன்” என்று தொடங்கினார்.

“ஆர் சொன்னது? பிழையான செய்தி வாசிக்கிறீர்.”

ஒவ்வொரு முறையும், டொக்டர் முன்பு கேட்டது மங்கை அம்மாவுக்கு ஞாபகமில்லை. முதல் தடவை கேட்பது போலவே கேட்டார். ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றே.

டொக்டர் பின்னர் எனக்கு விளக்கினார். ஞாபகமுள்ளவர் இரண்டு தரம் ஒரே பதில் சொன்னால், போன முறை சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார் என்று நினைக்கலாம். இவருக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்து, அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்.

கடைசி நாள் சுகந்தியை உள்ளே வந்து இருக்கச் சொன்னார்.

“அம்மா, தங்களுக்கு மறதி உள்ளது என்பதைத் தாங்கள் அறிவீர்களா?”

“தெரியும். பிறகு அதையும் மறந்துபோடுவன்.”

“கனடாவில் தங்கள் மகள் தங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார் அல்லவா?”

“அவள் தங்கமான பிள்ளை. ஆனால் அங்கை போனால் எல்லாரும் என்னை ‘ஞாபகமிருக்கோ, ஞாபகமிருக்கோ’ எண்டுதான் கேப்பினம். சேவியர் மனுசன் கேக்கிறேல்ல. சொல்லிப்போட்டுச் சிரிக்கும். நானும் சிரிப்பன்.”

சுகந்தி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாள் தாங்கள் திரு சேவியரையும் மறந்துவிட்டால்?”

“அப்ப அவர் திரும்பவும் சொல்லட்டுமன். அந்த மனுசனுக்குக் கதைக்க அலுப்போ?”

டொக்டர் சிரித்துவிட்டார். நோயாளிக்கு முன் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். சிரிப்பு அடங்கியதும் பேனாவை எடுத்தார். புதிய விசயங்களை நினைவில் நிறுத்துவது கடினம். ஆயினும் தன் நிலையை அறிந்திருக்கிறார், தன் விருப்பத்தை அறிந்திருக்கிறார், அதன் விளைவையும் அறிந்திருக்கிறார் என்று எழுதினார்.

சுகந்தி கடிதத்தை வாசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப அம்மாவின்ர மூளையில புதுசா ஏதோ வளர்ந்திட்டுதோ டொக்டர்?”

“அதனைக் காட்டும் கருவி எம்மிடம் இல்லை, அம்மணி. ஒரு கலம் பிறந்ததா, பழைய கலங்களே புதிய வழி கண்டனவா, நான் அறியேன். அவர் ஒரு பெயரைக் கற்றார். அதை மட்டும் நான் கண்டேன்.”

அதற்குப் பிறகு உலகத்தில் எவ்வளவோ ஆராய்ச்சி நடந்துவிட்டது. வயதானவர் மூளையிலும் புதுக் கலம் பிறக்கிறது என்று ஒரு பக்கம். தேடிப் பார்த்தோம், காணவில்லை என்று இன்னொரு பக்கம். இன்னும் முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால் டொக்டர் சொன்ன பதிலைத்தான் சொல்வேன்.

கலியாணம் பதிவாளர் முன்னிலையில், சேவியர் வீட்டு முன்கூடத்தில் நடந்தது. கூறைச்சேலை நிறத்தில் ஒரு பட்டுச்சேலையைச் சுகந்திதான் தேடி வாங்கித் தாய்க்கு உடுத்திவிட்டார். கொண்டைக்குப் பூவும் அவரே வைத்தார். அன்று காலை வரைக்கும் முகம் இறுகித்தான் இருந்தது. சேவியரின் மருமகள் அவரைக் குசினிக்குள் கூட்டிப்போய், “அக்கா, நீங்க யோசிக்காம போங்க. எங்க மாமாவ பாக்கிற கண்ணாலதான் அம்மாவையும் பாப்பேன். கேட்டுக்கு நேத்தே மணி கட்டிட்டேன், திறந்தா எனக்குக் கேக்கும்” என்று சொன்னதைக் கேட்டேன். வெளியே வந்தபோது சுகந்தி கையில் கட்லட் தட்டு. எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கிவிட்டார். பின்னேரம் கசெட்டைப் போட்டதும் சேவியர் எழும்பிக் கையை நீட்டினார். இழுத்த கால் இழுத்தபடியே இருந்தது, ஒண்ணு-ரெண்டு-மூணு தவறவில்லை. டொக்டர் விஜேதிலக மூலையில் நின்று, “தம்பதியினர் பல்லாண்டு வாழ்க” என்று வாசித்தார். ஒழுங்கையில் நின்ற சனமும் கை தட்டியது.

சுகந்தி கனடாவுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். நானும் வேறு மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போனேன்.

யுத்தம் முடியும் தறுவாயில், கோவில் திருவிழாக் காலம் ஒன்றில், கொட்டாஞ்சேனைப் பக்கம் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். மங்கை அம்மா முன்கூடத்தில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். என்னைத் தெரியவில்லை. மகளின் பெயரும் சில நாள் வரும், சில நாள் வராது என்று மருமகள் மெதுவாகச் சொன்னார். தபாற்கந்தோர்க் கதைகளும் போய்விட்டனவாம்.

“வாங்கோ பிள்ளை, இருங்கோ. ஆரெண்டு தெரியேல்ல, குறை நினைக்காதையுங்கோ.” பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அப்போது சேவியர் ஒரு கையில் தேத்தண்ணித் தட்டைத் தாங்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளேயிருந்து வந்தார். மங்கை அம்மாவின் முகம் விளக்குப் போட்டது போலானது. என் காதோடு குனிந்தார்.

“இவர் என்ர புருசன் சேவியர். கப்பலில வேலை செய்தவர். நாங்கள் இப்பதான் கலியாணம் கட்டினனாங்கள், கண்டீரே. புதுசு.”

சேவியர் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

“ஆமா மிஸ். போன கிழமைதான்.”

மங்கை அம்மா வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்தார். நான் எழும்பி, இரண்டு பேருடைய கைகளையும் பிடித்து வாழ்த்துச் சொன்னேன்.